பெயர் பேந்து சொல்லப்படும்

நாளைக்கு எந்த ஊரில் போய் இறங்கப்போகிறான் என்பது ஒரு விளையாட்டுக்காரப் பையனுக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்கு விமான ரிக்கெற் போடுகிறவளுக்குத் தெரிந்துவிடும். அப்படி ரிக்கெற் போடுகிறவளாகத்தான் நான் மொன்றியலில் நாலு வருஷம் குப்பை கொட்டினேன்.

அது ஒரு பேஸ்போல் அணியின் காரியாலயம், எங்கள் பேச்சில் கந்தோர். பெரிய அணி மொன்றியலில் விளையாடும். அதற்குக் கீழே அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களில் கிளை அணிகள். பதினாறு, பதினேழு வயதில் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளை அங்கே போட்டு வளர்ப்பார்கள். வளர்ந்தால் மேலே ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் வேறொரு அணிக்குக் கொடுத்து, அங்கேயிருந்து ஏற்கெனவே வளர்ந்த ஒருவரை வாங்குவார்கள். அதற்கு ட்ரேட் என்று பெயர். கொடுக்கல் வாங்கல் எல்லாம் மேல்மாடியில் நடக்கும். போகிற பிள்ளைக்கு ரிக்கெற், விசா, பெட்டி போய்ச் சேர்ந்ததா என்ற விசாரிப்பு எல்லாம் கீழே என் மேசையில். மேலே இரண்டு பேர் கைகுலுக்க, கீழே ஒருத்தி ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு அல்லாடுகிற கந்தோர் எதிலாவது நீங்கள் இருந்திருந்தால் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லாரும் பேசியது பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம். என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே தருகிறேன்.

தெரியாதது ஒரு தகுதி

சபனெல் தெருவில் ஒரு தையல் பக்டரியில் ஐந்து வருஷம் ஜீன்ஸுக்குப் பொக்கற் தைத்தேன். எனக்கு இரண்டு பக்கமும் தொமினிக்கன் பெண்கள். அவர்களோடு யன்னல் திறக்கவா பூட்டவா என்று சண்டை பிடித்துப் பிடித்தே ஸ்பானிஷ் வந்துவிட்டது. பிரெஞ்சு, வந்த புதிதில் அரசாங்கம் நடத்திய வகுப்பில் படித்தது. ஆங்கிலம் மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில். பக்டரி மூடியதும் வேலை தேடித் தருகிற இடத்தில் மூன்று பாஷையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு கிழமைக்குள் பேஸ்போல் கந்தோரில் கூப்பிட்டார்கள். மூன்று பாஷை தெரிந்த ஆள், தையல்காரியின் சம்பளத்துக்கு. வேறு யாரை எடுப்பார்கள்?

நேர்முகம் செய்தவர் ரெய்மோன். கிளை அணிகளின் காரியங்களைப் பார்க்கிறவர். ஐம்பது வயது இருக்கும். மேசையில் எப்போதும் பாதி தின்ற டோனட் ஒன்று கிடக்கும். பேஸ்போல் தெரியுமா என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன்: ஒருவன் எறிவான், ஒருவன் தடியால் அடிப்பான், அடித்துவிட்டு ஓடுவான், ஏன் சுற்றி ஓடித் திரும்பவும் புறப்பட்ட இடத்துக்கே வருகிறான் என்று மட்டும் விளங்கவில்லை. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் பைலை மூடிக்கொண்டு சொன்னார்: "நல்லது, ஜெசி. உனக்கு முன்னம் இருந்தவளுக்கு ஒவ்வொரு பெடியனையும் தெரியும். ஆரையாவது ட்ரேட் பண்ணினா ரொய்லெற்றுக்குள்ள போய் அழுதுகொண்டு இருப்பாள். எனக்கு வேலை ஓடேல்லை."

தாயின் தோள்

கிளை அணிகளின் பயிற்சியாளர்களும் ஊர் ஊராக ஆள் பிடிக்கிறவர்களும் கைப்பட எழுதி அனுப்புகிற அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்வதும் என் தலையில்தான். முதல் அறிக்கையை வாசித்தபோது கலியாணத் தரகர் கொண்டு வந்த குறிப்போ என்று நினைத்தேன். நல்ல உயரம். நீளக் கை. குடும்பத்தில் மூத்தவன், பொறுப்பிருக்கும். தகப்பன் குடிப்பார், கவனிக்கவும். வாய் காட்டாத பிள்ளை. இப்படிப்பட்டவனுக்கு அங்கே 'புரொஸ்பெக்ட்' என்று பெயர். இன்னும் ஒன்றும் ஆகாதவன், ஆனால் ஆவான் என்று சொல்லி விலை பேசக்கூடியவன். எங்கள் ஊரில் டொக்டருக்குப் படித்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளைக்கு எந்த மதிப்போ அதே மதிப்பு, படித்து முடிக்கும்வரைக்கும்.

ஒருமுறை அறிக்கையில் போட்டிருந்த அளவுப்படி ஒரு பதினாறு வயதுப் பையன் என் உயரம்கூட இல்லை. கீழே "பெரிய ஆளாக வருவான், உடனே எடுக்கவும்" என்று எழுதியிருந்தது. எங்கேயோ எழுத்துப் பிழை என்று நினைத்து, எழுதிய கிழவருக்குத் தொமினிக்கன் நாட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். கிழவர் முப்பது வருஷமாக ஆள் பிடிக்கிறவர். என் சந்தேகத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிழையும் இல்லை, ஒண்டும் இல்லை. பெடியனைப் பாத்து ஆரும் பெடியனை எடுக்கிறதோ? நான் வீட்டை போய்த் தாயைப் பாத்தனான். நல்ல தோள், நல்ல உயரம். அவன் வளருவான், நீ எழுதினபடியே ரைப் அடி."

முந்திப் போன பக்ஸ்

எங்கள் கந்தோரில் ஒரு விதி இருந்தது. ட்ரேட் ஆன பிள்ளைக்குப் பயிற்சியாளர்தான் முதலில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தோளில் கைபோட்டுச் சொல்வாராம். அவர் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அறிவித்த பிறகுதான் நான் ஒருவழி ரிக்கெற்றைப் பிள்ளை தங்கியிருக்கிற விடுதிக்குப் பக்ஸில், அதாவது தொலைநகலில், அனுப்பலாம். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம், எல்லாவற்றையும் கெதியாய் முடித்து நல்ல பெயர் எடுக்கிற அவசரத்தில் நான் ரிக்கெற்றை முந்தி அனுப்பிவிட்டேன். பென்சில்வேனியாவில் ஒரு பிள்ளை காலையில் கதவுக்குக் கீழே கிடந்த தாளை எடுத்துப் பார்த்துத்தான் தன்னைக் கொடுத்துவிட்டார்கள் என்று அறிந்தான்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அவனை வாங்க இருந்த அணியின் டொக்டர் அவனுடைய பழைய முழங்கால் படங்களைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ட்ரேட் நின்றுபோனது. தன்னைக் கொடுக்கப் பார்த்தவர்களுக்காகவும், வாங்க மறுத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவும், அன்று பின்னேரமே அவன் களத்தில் இறங்க வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க நான் அவனை ரெலிபோனில் கூப்பிட்டேன். அரைகுறை ஸ்பானிஷில் ஏதோ உளறினேன். அவன் என் பேச்சு முடியும்வரை பொறுமையாய் இருந்துவிட்டுக் கேட்டான்: "ரிக்கெற்றைத் திருப்பி அனுப்பட்டோ, இல்லாட்டி வைச்சிருக்கட்டோ? எப்பிடியும் ஒருநாள் தேவைப்படுந்தானே."

கோயில் வாசலில்

பேஸ்போல் கந்தோரில் வேலை என்றதும் எங்கள் சனம் முதலில் சிரித்தது. பிறகு நான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விசா எடுக்கிறேன் என்று அறிந்ததும் சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் என்னோடு கதைக்கக் காத்து நிற்பார்கள். நான் ரொக்ஸ்பரோவில் ஒரு கீழ்வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கிறவள். எனக்கு இத்தனை மரியாதை முன்பு கிடைத்ததில்லை.

அதில் லூர்து அண்ணை ஒருவர். பங்குக் கோயிலில் எல்லாருக்கும் குடிவரவுப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறவர். லொங்குய்யிலிருந்து மஞ்சள் தடத்து மெத்ரோ ரயில் பிடித்துத் தவறாமல் பூசைக்கு வருவார். மன்னாரில் இருக்கிற என் கணவரை இங்கே எடுக்கிறதற்கான ஸ்பொன்சர் பைலும் அவர் நிரப்பியதுதான். ஒருநாள் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய், கொழும்பில் நிற்கிற தன் மருமகனைப் பற்றிச் சொன்னார். எங்கள் அணியில் பதினாறு வயதிலேயே ஆளை எடுத்துவிடுவார்கள், உங்கள் மருமகனுக்கு முப்பத்தொன்று என்றேன். அவர் தளரவில்லை. "அவன் கிரிக்கெட் விளையாடினவன், பிள்ளை. நீ ஒரு கடிதம் மட்டும் அடிச்சுத் தா. பேந்து விளையாடாட்டியும் ஆர் கேக்கப் போகினம்?"

திங்கட்கிழமை

புளோரிடாவில் இருந்த எங்கள் கிளை அணிக்குத் திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் ஆட்டம் இருக்காது. அன்று மத்தியானம் தோமாஸ் ரெலிபோனில் கூப்பிடுவான். தொமினிக்கன் பிள்ளை. இருபது வயது, இடக்கையால் பந்து எறிகிறவன். அவனைப் பற்றிய அறிக்கைகளை நானே அடித்திருக்கிறேன்: கை நல்லது, மனம் அமைதி, இன்னும் இரண்டு வருஷம். அவனுக்கு யோலாந்தா என்று ஒரு மனைவி, ஊரில். நாலு மாதக் கர்ப்பம். பிள்ளை பிறக்கும் முன் அவளைத் தன்னிடம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு அந்த வருஷத்து ஒரே விருப்பம். அவளுடைய விசாப் பத்திரத்தில் எந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று கேட்கத்தான் கூப்பிடுவான். என்னைத் 'தோன்யா' என்பான். அவர்கள் ஊரில் மரியாதைக்குரிய பெண்ணை அப்படித்தான் சொல்வார்கள்.

பக்டரியில்கூட நான் என் கதையை யாருக்கும் சொன்னதில்லை. அவனுக்குச் சொன்னேன். கனடாவிலிருந்து போய்க் கொழும்பில் வைத்துக் கலியாணம் கட்டி, மூன்று கிழமை சேர்ந்திருந்துவிட்டு ஸ்டீபனை மன்னாருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தவள் நான். மூன்று வருஷமாகப் பைல் கிடக்கிறது. என் வேலையோ ஆறு மாத ஒப்பந்தம். வேலை நிரந்தரம் என்று கந்தோர்க் கடிதம் ஒன்று வைத்தால் பைலுக்குப் பலம் என்று லூர்து அண்ணை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும் தோமாஸ் தன் கேள்வியைக் கேட்பதற்கு முன் என்னுடைய கடிதம் வந்துவிட்டதா என்று கேட்பான். இல்லை என்பேன். ஆறுதலுக்கு ஏதாவது சொல்வான். ஒருமுறை இப்படிச் சொன்னான்: "உங்களுக்கு மூண்டு வருசம், எனக்கு நாலு மாசந்தான். நானும் உங்களை மாதிரிப் பொறுப்பன், தோன்யா. வயித்துக்குள்ள இருக்கிறதுதான் பொறுக்காது."

ஐந்து பேர்

அந்தக் கோடையில் எங்கள் அணியை ஊரைவிட்டே கொண்டுபோகப் போகிறார்கள் என்று எல்லாரும் கதைத்தார்கள். போகும் முன் ஒரு தடவையாவது வென்று காட்ட வேண்டும் என்று மேல்மாடியில் யாருக்கோ வேகம் வந்துவிட்டது. ஜூலையில், பெயர்பெற்ற ஒரு பந்து எறிகாரரை வேறொரு அணியிடமிருந்து வாங்கினார்கள். பதிலுக்கு எங்கள் வளரும் பிள்ளைகளில் இரண்டு பேர். அதோடு 'பெயர் பேந்து சொல்லப்படும் ஆள் ஒருவர்'.

நான் வேடிக்கை சொல்லவில்லை. பத்திரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். யாரோ ஒருவனைத் தருவோம், எவன் என்று பிறகு முடிவு செய்வோம் என்று அர்த்தம். அதற்கு ஐந்து பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி அந்தப் பக்கத்துக்குக் கொடுப்பார்கள். அவர்கள் ஆறு மாதத்துக்குள் ஆறுதலாய்ப் பார்த்து ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பிள்ளைகளுக்கும் எதுவும் தெரியாது. தாளின் ஒரு பிரதி என் மேசை லாச்சிக்கு வந்தது. ஐந்து பேரின் பாஸ்போட்டும் விசாவும் செல்லுபடியாக இருக்கிறதா என்று நான் பார்த்து வைக்க வேண்டும், கேட்ட உடனே ஏற்றுவதற்கு.

மூன்றாவது பெயர் தோமாஸ். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரெய்மோனிடம் போனேன். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வெறுக்கச் சுகமாக இருந்திருக்கும். டோனட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "சொன்னா அஞ்சு பேரும் ஒழுங்கா விளையாடமாட்டாங்கள். சொல்லாட்டி எடுபடுறவன்கூட அதுவரைக்கும் எங்களுக்காக எறிவான்."

வாய் காக்கிற ஆள்

உங்களில் ஒப்பந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நிரந்தரம் என்ற சொல்லை மேலதிகாரி எந்த நேரத்தில் எடுப்பார் என்று. நீங்கள் அதைக் கேட்கிறபோது எடுக்கமாட்டார். உங்களிடம் ஏதாவது தேவைப்படுகிறபோது தானாக எடுப்பார். பட்டியல் என் லாச்சிக்கு வந்த மறுகிழமை ரெய்மோன் என் மேசை ஓரத்தில் வந்து நின்றார். என்னுடைய கணவரின் பைல் எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். புளோரிடாவிலிருந்து திங்கட்கிழமைகளில் நிறைய அழைப்பு வருகிறதாமே என்றும் அதே குரலில் கேட்டார். விசா விஷயம் என்றேன். விசாவோடு நின்றால் நல்லது என்றார். அதற்குப் பிறகுதான், போகிற போக்கில், கதவடியில் நின்று சொன்னார்: "சீசன் முடியட்டும், ஜெசி. நீ வாய் காக்கிற ஆள் எண்டு மேல சொல்லி வைச்சிருக்கிறன்."

நான் சொன்ன ஓம்

ஓகஸ்ட் மாதத்து ஒரு திங்கட்கிழமை. யோலாந்தாவுக்கு அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத்துக்குத் தேதி கிடைத்துவிட்டது, செப்டம்பரில் ஒரு வியாழன். தோமாஸின் குரல் பறந்தது. சீசன் முடிந்தாலும் புளோரிடாவிலேயே இலையுதிர்காலப் பயிற்சிக்கு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறேன், வருஷக் குத்தகை, தொட்டில் வைக்க யன்னலோரம் இடம் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனான். பிறகு நிறுத்தினான். ஒரு கேள்வி கேட்டான். தன்னை வேறெங்கும் மாற்றாமல் புளோரிடாவிலேயே வைத்திருப்பார்கள்தானே என்று.

அந்த விசா எங்கள் அணியின் பெயரில்தான் போயிருந்தது. அவன் எங்கள் ஆளாக இருக்கும்வரைதான் அது அவளுக்கும் விசா. இன்னொரு அணிக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து. இது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கலாம். அவளைச் சுற்றுலா விசாவில் இப்போதே கேட்கச் சொல் என்றிருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெய்மோன் யாரோடோ சிரித்துக்கொண்டு நின்றார். ஐந்தில் ஒன்றுதானே, நாலு பங்கு அதிர்ஷ்டம் அவன் பக்கம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொன்னேன். கோழைகளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

ஓம், அங்கேதான் இருப்பாய், வீட்டை எடு என்றேன். அவன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நீங்கள் சொன்னாச் சரி, தோன்யா. நீங்கள்தானே எல்லாருக்கும் ரிக்கெற் போடுறது."

மூன்றாவது பெயர்

செப்டம்பரில், அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு ரெய்மோன் பட்டியலைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். மூன்றாவது பெயரைச் சுற்றி வட்டம். அந்தப் பக்கத்து அணியின் பயிற்சி முகாம் அரிசோனாவில். நான் அன்று இரண்டு காரியம் செய்தேன். அரிசோனாவுக்கு ஒருவழி ரிக்கெற் போட்டேன். பிறகு தூதரகத்துக்குக் கடிதம் அடித்தேன்: மேற்படி ஆட்டக்காரர் இப்போது எங்கள் ஊழியர் அல்ல, ஆகையால் அவரது மனைவிக்காக நாங்கள் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொள்கிறோம். அந்தக் கடிதத்தை இரண்டு நாள் தாமதித்து அனுப்பலாமா என்று ரெய்மோனிடம் கேட்டேன். சட்டத்தரணிகள் விடமாட்டார்கள் என்றார். கேட்டது ஒரே ஒரு தடவை. புது அணி புதிதாய் விண்ணப்பம் போட்டு அது நகர மாதக்கணக்காகும். அதற்குள் வயிறு முற்றிவிடும், அவளை எந்த விமானமும் ஏற்றாது.

இந்த முறை பக்ஸ் முந்திப் போகவில்லை. பயிற்சியாளர் கதவைச் சாத்தி, தோளில் கைபோட்டு, சொல்லி முடித்து, எனக்கு அறிவித்த பிறகுதான் அனுப்பினேன். அதில் நான் வெகு கவனம்.

புதன் மத்தியானம் ஓர்லாண்டோ விமான நிலையத்தில் காசு போடுகிற ரெலிபோனிலிருந்து கூப்பிட்டான். திங்கட்கிழமை இல்லாத ஒரு நாளில் அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டான். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஏற்கெனவே சொன்ன பொய்யே போதும் என்று பட்டது. ஜூலை என்றேன். விமானம் அறிவிக்கிற சத்தம் இரண்டு முறை கேட்டது. அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் அந்தச் சத்தத்தோடு போயிருக்கும். கேலியாகக் கேட்டானா, பழக்கத்தில் கேட்டானா, உண்மையாகவே அறிய விரும்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வழக்கமான அதே குரலில் கேட்டான்: "உங்கட கடிதம் வந்திட்டுதோ, தோன்யா?"

நல்ல சனம்

வந்தது. ஒக்டோபர் முதல் கிழமையில் ரெய்மோன் கையெழுத்து வைத்துத் தந்தார். நல்ல தடித்த தாள், மேலே அணியின் சின்னம், நடுவில் 'நிரந்தரம்' என்ற சொல். லூர்து அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இதுக்கு மேல என்ன வேணும் என்றார். ஒரு வருஷத்துக்குள் பைல் நகர்ந்தது. ஸ்டீபன் பனி கொட்டுகிற ஒரு பின்னேரம் டோர்வல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கழுத்தில் யாரோ கட்டிவிட்ட பெண்கள் சால்வை. நாலு வருஷமாய் நான் பார்க்காத முகம். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததுதான், ஆனால் அது முழுக்கச் சந்தோஷமில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குள்ளேயே எப்படி உன்னை நிரந்தரமாக்கினார்கள் என்று அவருக்கு ஆச்சரியம். ஒழுங்காய் வேலை செய்தேன் என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தார். கைகள் இரண்டையும் என் கையுறைக்குள் நுழைத்துக்கொண்டு சொன்னார்: "உன்ர கந்தோர்ச் சனம் நல்ல சனம் போல."

சும்மா விட்டது

அடுத்த வருஷம் அணியையே அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் மற்றவர்களுக்கும் அது பத்திரிகையில் வாசித்துத்தான் உறுதியாகத் தெரிந்தது. தோளில் கைபோட்டுச் சொல்ல யாரும் கதவைச் சாத்தவில்லை. புது ஊருக்குச் சிலரை எடுத்தார்கள். ரெய்மோனை எடுக்கவில்லை. என்னை எடுப்பார்களோ என்று நான் யோசிக்கவும் இல்லை. ஜூலையில் வாங்கிய அந்தப் பெயர்பெற்ற எறிகாரர் அந்த ஒரு சீசன் முடிந்ததோடு வேறிடம் போய்விட்டார். அவரை வைத்து ஒன்றும் வெல்லவும் இல்லை. தோமாஸை அரிசோனாவுக்குப் பிறகு அங்கும் இங்கும் மாற்றினார்கள் என்று யாரோ சொன்னார்கள். பிறகு டொக்டர்மார் முழங்கையை வெட்டித் தைத்தார்களாம். நூலகத்துக் கொம்பியூட்டரில் இரண்டு மூன்று தடவை தேடினேன். எந்தப் பெரிய அணியின் பட்டியலிலும் அவன் பெயர் ஏறவில்லை. யோலாந்தாவுக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமை போய்விட்டது.

கடைசி நாள் நானும் ரெய்மோனும் எங்கள் சாமான்களை ஆளுக்கொரு பெட்டியில் போட்டுக்கொண்டு பச்சை மெத்ரோவுக்கு நடந்தோம். பெட்டிக்குள் அவர் என்ன வைத்திருந்தார் என்று தெரியாது. என் பெட்டிக்குள் ஐந்து பெயர் எழுதிய அந்தத் தாள் இருந்தது. கிழித்துப்போடச் சொன்ன பத்திரங்களில் அதை மட்டும் நான் கிழிக்கவில்லை. எஸ்கலேற்றரில் இறங்கும்போது இருபத்தாறு வருஷம் அங்கே வேலை செய்த அந்த மனிதர், யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "ஒரு பெடியனைக் குடுத்தாலும் பதிலுக்கு ஆரையாவது வாங்குவம். எங்களுக்குப் பதிலா ஒருத்தரையும் வாங்கேல்லை, ஜெசி. சும்மா விட்டிட்டினம்."

நாலு வருஷத்தில் எத்தனையோ ட்ரேட்டுக்கு ரிக்கெற் போட்டேன், ஒன்றை மட்டும் நானே செய்தேன்: வந்து சேர்ந்தவர் என் கணவர், அவருக்காகக் கொடுத்த ஆளின் பெயரைத்தான் இவ்வளவு பிந்தி உங்களுக்குச் சொல்கிறேன்.